எஸ்டேட் பங்களாவில் கிடைத்த ஹூவரும் எலக்ட்ரோலக்ஸும்: ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஏற்காடு_வாசி:
நாகலூர் பக்கம் ஒரு பழைய காபி எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது இரண்டு வாக்குவம் கிளீனர்கள் கிடைத்தன. ஒன்று ஹூவர் ஜூனியர். நீளக் கைப்பிடி, அதில் தொங்கும் துணிப்பை, தகட்டில் ‘பெரிவேல்’ என்று இருக்கிறது. இன்னொன்று எலக்ட்ரோலக்ஸ். படுக்கைவாட்டில் உருளை, அடியில் சறுக்குக் கம்பி, முன்னால் ஹோஸ். ஒரே வேலைக்கு ஏன் இரண்டு வடிவம்? கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை_காயில்:
தம்பி, அவசரப்பட்டு பிளக்கைச் சொருகிடாதீங்க. நான் மோட்டார் காயில் கட்டுகிறவன்.

வடிவத்தைத் தீர்மானித்தது தரைதான். ஹூவர் அமெரிக்காவின் ஓஹியோவில் பிறந்த கம்பெனி. அங்கே கார்பெட் அதிகம். இழைக்குள் இறங்கிய மண் வெறும் உறிஞ்சலுக்கு வராது, தட்டிக் கிளப்ப வேண்டும். மெஷினைக் கவிழ்த்துப் பாருங்க, மோட்டார் அச்சிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் பிரஷ் உருளையைச் சுற்றும். குப்பை விசிறி வழியாகத்தான் பைக்குப் போகும். சின்னக் கல் மாட்டினாலே இறக்கை உடைந்துவிடும். 1933-ல் லண்டன் பெரிவேலில் பேக்டரி திறந்தார்கள். உங்க ஜூனியர் அங்கத்திய சின்ன வீடுகளுக்கென்று செய்த சைஸ்.

எலக்ட்ரோலக்ஸ் ஸ்வீடன்காரர்களுடையது. சறுக்குக் கம்பி வைத்த உருளையை 1921-லேயே கொண்டு வந்துவிட்டார்கள். அதில் பை முன்னால், விசிறி பின்னால். வடிகட்டிய காற்றுதான் விசிறிக்குப் போகும். ஹோஸ் இருப்பதால் திரைச்சீலை, சோபா, கட்டிலடி எல்லாம் எட்டும். வேலைப்பாட்டில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் தடித்த கார்பெட்டில் ஹூவர் பக்கத்தில் நிற்காது.

இனி கரண்ட். தகட்டில் வோல்ட் பாருங்க. 110, 120 என்றிருந்தால் நம்ம 230-ல் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் காயில் பகுதி) கருகிவிடும். கரண்டின் 50, 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) வித்தியாசம் இந்த கார்பன் பிரஷ் மோட்டாருக்குப் பெரிய விஷயமில்லை. வயரின் ரப்பர் உதிர்ந்தால் முழுசா மாற்றுங்க. ஏற்காட்டு ஈரம் காயிலில் ஏறியிருக்கும். நன்றாகக் காயவைத்து, மெகர் (காயிலில் கரண்ட் கசிகிறதா என்று சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்த பிறகுதான் ஸ்விட்ச்.

அஸ்தம்பட்டி_அக்கா:
1982-ல் ஆரம்பித்த யுரேகா ஃபோர்ப்ஸில் அப்போது எலக்ட்ரோலக்ஸும் பங்குதாரராக இருந்தது. வீடு வீடாக வந்து அவர்கள் விற்றதும் ஹோஸ் வைத்த மெஷின்தான். எங்க வீட்டு ரெட் ஆக்சைடு தரைக்கு உருளை பிரஷ் எதற்கு?

ஏற்காடு_வாசி:
நன்றி அண்ணா. இரண்டு தகட்டிலும் 230 இருக்கிறது. ஹூவர் பெல்ட் மட்டும் விறைத்து வெடித்திருக்கிறது. தையல் மெஷின் பெல்ட் போடலாமா?

செவ்வாய்ப்பேட்டை_காயில்:
வேண்டாம், அது வழுக்கும். இதற்குத் தட்டையான ரப்பர் பெல்ட் வேண்டும். பழையதைத் தூக்கிப் போடாம எடுத்துட்டு வாங்க, அகலம் அளந்து பார்த்துக்கலாம்.