குன்னூர் குளிர்லயும் தொட்டி தண்ணி 27 டிகிரி, பம்ப் சூடு தான் காரணமா?

குன்னூர்_லோச்

எல்லாருக்கும் வணக்கம், கேட்டா சிரிப்பீங்க ஆனா நிஜமா தான் கேக்குறேன். நான் இருக்கிறது குன்னூர் பெட்ஃபோர்ட் பக்கம், வீட்டுக்குள்ள ராத்திரி 17 பகல்ல 20 டிகிரி, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு தான் இதை டைப் பண்றேன், ஆனா மீன் தொட்டி தண்ணி 27 காட்டுது. தெர்மாமீட்டர் தான் பொய் சொல்லுதோன்னு இன்னொண்ணு வாங்கிப் போட்டேன், அதுவும் 27.

தொட்டி 3 அடி நீளம், அகலம் உயரம் ஒண்ணரை அடி, கல்லு மணல் போக 150 லிட்டர் நிக்கும். ஹில்ஸ்ட்ரீம் லோச் மீன் 6, ஒயிட் கிளவுட் மீன் 15 இருக்கு. லோச்சுக்கு ஓடுற தண்ணி வேணும்னு சொன்னதால உள்ளயே முங்குற பம்ப் ரெண்டு போட்டேன், ஒண்ணு 55 வாட், இன்னொண்ணு 25. ஹீட்டரை எப்பவோ கழட்டியாச்சு. லைட் எல்இடி தான். ரெண்டு நாளா லோச் எல்லாம் கண்ணாடில மேல ஏறி தண்ணி விளிம்புலயே ஒட்டிக்கிட்டு வேக வேகமா மூச்சு வாங்குது, பாக்கவே கஷ்டமா இருக்கு. கடையில கேட்டா தண்ணிய குளிர வைக்கிற சில்லர் மெஷின் வாங்குங்கன்னு ஒரு விலை சொன்னாங்க, அந்தக் காசுக்கு இன்னொரு தொட்டியே வச்சிரலாம். வேற வழி இருக்கா?

கொளத்தூர் பையன்

ப்ரோ குன்னூர்ல சில்லரா 😂 எங்க சென்னையில மே மாசம் தொட்டி 33 போகும், கோல்ட்ஃபிஷ் அதுலயே ஓடிட்டு இருக்கு, நீங்க 27க்குப் புலம்புறீங்க. பெப்சி பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வச்சு தொட்டில மெதக்க விடுங்க, முடிஞ்சது.

கோத்தகிரி ஃபிட்டர்

கொளத்தூர் தம்பி, சிரிக்காதீங்க, அவர் மீனுக்கு 27 நெஜமாவே கஷ்டம். இங்க மலையில காத்தழுத்தம் கம்மி, குன்னூர் 1850 மீட்டர் உயரம், கடல் மட்டத்துல இருக்கிற அழுத்தத்துல 80 சதவீதம் தான் வரும். அழுத்தம் கொறைஞ்சா தண்ணில கரையிற ஆக்சிஜனும் கொறையும். உங்க ஊர்ல 27 டிகிரி தண்ணி லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், குன்னூர்ல அதே 27ல 6.3 கிட்ட தான். ஆக்சிஜன் கணக்கை மட்டும் பாத்தா உங்க ஊர்ல 40 டிகிரி தண்ணில விட்ட மாதிரி. லோச் ஓடையில பாறைய ஒட்டிக்கிட்டு வாழ்ற மீன், அது விளிம்புக்கு வராம என்ன பண்ணும்?

ஐஸ் பாட்டில் வேண்டாம். பகல்ல 4 டிகிரி எறங்கி ராத்திரி திரும்ப ஏறினா அந்த ஏத்த எறக்கமே மீனை வாட்டிரும்.

குன்னூர் தம்பி, உங்க கேள்விக்கு வரேன். நான் தேயிலை ஃபேக்டரில மோட்டார் பாத்து ரிட்டயர் ஆனவன். தண்ணிக்குள்ள முங்கி இருக்கிற பம்ப் இழுக்கிற கரண்டு மொத்தமும் கடைசில அந்தத் தண்ணில சூடா தான் போய் நிக்கும். காயில்ல வர்ற சூடும் தண்ணிக்குத் தான், தண்ணிய தள்ளின வேகமும் கல்லுல கண்ணாடில உரசி உரசி சூடாத் தான் முடியும். அதாவது நீங்க ஹீட்டரைக் கழட்டிட்டு 80 வாட் ஹீட்டரை 24 மணி நேரமும் ஓட்டுறீங்க. 80 வாட் 150 லிட்டரை மணிக்கு கிட்டத்தட்ட அரை டிகிரி ஏத்தும், வெளிய போக வழியே இல்லன்னா ஒரு நாள்ல 11 டிகிரி. வெளிய போற சூடும் உள்ள வர்ற சூடும் சமமாகுற எடத்துல தொட்டி நிக்கும், உங்களுக்கு அது 27ல நிக்குது.

இன்னொண்ணு, 80 வாட்டுன்னா நாளைக்கு 1.9 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 115 யூனிட். அரசாங்கம் ஃப்ரீயா குடுக்கிற 100 யூனிட்டை உங்க மீன் மட்டுமே குடிச்சிருது.

பம்ப் மேல ஒட்டிருக்கிற வாட்டை அப்படியே நம்பாதீங்க. வீட்ல மத்ததெல்லாம் ஆஃப் பண்ணிட்டு ஈபி மீட்டர்ல மினுக்குற லைட்டை எண்ணுங்க. மீட்டர்ல யூனிட்டுக்கு 3200 இம்பல்ஸ்னு (அத்தனை தடவை மினுக்கும்னு அர்த்தம்) போட்டிருந்தா 80 வாட்டுக்கு 14 செகண்டுக்கு ஒரு தடவை மினுக்கும். அப்புறம் தொட்டிக்கு மூடி உண்டா, பின்னாடி ஏதாச்சும் ஒட்டிருக்கீங்களா?

குன்னூர்_லோச்

ஐயா, எண்ணிட்டேன், 13 செகண்டுக்கு ஒண்ணு, அப்ப 80 வாட்டுக்கும் மேல 😬 மூடி கண்ணாடி, முழுசா மூடியிருக்கு, லோச் ஏறி குதிச்சிரும்னு பயம். பின்னாடி தெர்மாகோல் ஒட்டிருக்கேன். மூணு வருஷம் முன்னாடி தொட்டி வாங்கினப்ப "ஊட்டி குன்னூர்ல குளிருக்கு இது கட்டாயம் வேணும் சார்"னு கடையிலயே ஒட்டிக் குடுத்தாங்க, அப்ப சூடு வேணும்கிற கப்பி மீன் வச்சிருந்தேன், அதை மறந்தே போயிட்டேன்.

கோத்தகிரி ஃபிட்டர்

அடப்பாவமே. தம்பி உங்க தொட்டி ஸ்வெட்டர் போட்டு குல்லா வச்சு அடுப்பு மேல உக்காந்திருக்கு. முதல்ல தெர்மாகோலைப் பிய்ங்க. மூடிய எடுத்துட்டு கொசுவலை நெட்டை ஃப்ரேம் அடிச்சு வைங்க, மீனும் குதிக்காது ஆவியும் போகும். 25 வாட் பம்பை நிறுத்திட்டு அந்த எடத்துல ஏர் பம்ப்ல ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓட்டுங்க, 5 வாட் தான், மோட்டார் வெளிய இருக்கிறதால அதோட சூடு தண்ணிக்கு வராது, ஆக்சிஜனும் சேரும். ரெண்டு நாள் பாத்துட்டு சொல்லுங்க.

திண்டுக்கல் அக்வா

இதுக்கு எதுக்கு இவ்ளோ, கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளிய வைக்கிற டப்பா ஃபில்டர்) வாங்கிப் போடுங்க, மோட்டார் வெளிய இருக்கும், சூடே ஏறாது. இல்லன்னா இருக்கிற பம்பை ஃபேன் ரெகுலேட்டர்ல மாட்டி கொறைச்சு ஓட்டுங்க.

கோத்தகிரி ஃபிட்டர்

சார் தப்பா நெனைக்காதீங்க, கேனிஸ்டர் தொட்டிக்கு வெளிய இருக்கு, ஆனா அதோட தலையில இருக்கிற மோட்டாரைச் சுத்தி ஓடுறது அதே தண்ணி தான், சூட்டுல பெரும்பங்கு தண்ணிக்கே திரும்ப வரும். அதுல லாபம் என்னன்னா வாட் கம்மி. தனியா காத்தாடி வச்ச மோட்டாரா இருந்தா சூடு காத்துக்குப் போகும், ஆனா அந்த சத்தத்தோட ஹால்ல தூங்க முடியாது. ஃபேன் ரெகுலேட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம், இந்தச் சின்ன ஏசி பம்ப் எல்லாம் கரண்டோட 50 சைக்கிளுக்கு ஒத்து சுத்துறது, வோல்டேஜைக் கொறைச்சா வேகம் கொறையாது, ஒரு கட்டத்துல நின்னு உறுமிக்கிட்டு காயில் கருகும். வேகத்தைக் கொறைச்சு ஓட்டணும்னா டிசி பம்ப் தான் சரி.

கொடை மூடுபனி

நான் கொடைக்கானல்ல இறால் தொட்டி வச்சிருக்கேன், என் அனுபவம் சொல்றேன். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணை 12 வோல்ட் அடாப்டர்ல மாட்டி தண்ணி மேல சாய்ச்சு ஊத விட்டேன். 2 வாட் கூட இல்ல. ஒரு லிட்டர் தண்ணி நாள் முழுக்க ஆவியானா 28 வாட் சூட்டை எடுத்துட்டுப் போயிரும், அதாவது அந்த 25 வாட் பம்ப் போட்ட சூடு அவ்ளோவும் போச்சு. ஆனா கொறைஞ்ச தண்ணிய டெய்லி ஊத்தணும், மழைத் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ ஊத்துங்க, குழாய்த் தண்ணியே ஊத்திட்டு இருந்தா உப்பு தங்கித் தங்கி டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) ஏறிரும்.

மிஸ்ட் எறங்குற நாள்ல ஃபேன் வேலை செய்யாதுன்னு சிலர் சொல்லுவாங்க, அது பாதி தான் உண்மை. ஈரப்பதம் ஃபுல்லா இருந்தாலும் ரூம் காத்தை விட தண்ணி சூடா இருக்கிற வரைக்கும் ஆவி போயிட்டுத் தான் இருக்கும், கொஞ்சம் மெதுவா. ஆனா போற ஆவி எல்லாம் சுவத்துல போய் உக்காரும். ஏற்கெனவே மழைக்காலத்துல நம்ம வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சை, இதுல நான் வேறயான்னு என் வீட்ல ஒரு பஞ்சாயத்தே நடந்துச்சு. ஜன்னல் பக்கம் வைங்க.

குன்னூர்_லோச்

அஞ்சு நாள் கழிச்சு அப்டேட். தெர்மாகோல், மூடி, 25 வாட் பம்ப் மூணையும் எடுத்துட்டு ஸ்பாஞ்ச் போட்டதும் ரெண்டே நாள்ல 27ல இருந்து 23.5 வந்துச்சு, இதுக்கு ஆன செலவு நெட்டும் ஏர் பம்பும் தான். அப்புறம் கோயம்புத்தூர் போன தம்பிகிட்ட சொல்லி 20 வாட் டிசி பம்ப் வாங்கிட்டு வரச் சொன்னேன், ஃபிட்டர் ஐயா தனியா மெசேஜ்ல சொன்ன மாதிரி அரை இஞ்ச் குழாயைத் தூக்கிப் போட்டு முக்கால் இஞ்ச் போட்டேன், மூணு எல்போ (குழாய் வளைவு) இருந்த எடத்துல ஒண்ணு தான், தண்ணிக்குத் தடை கம்மி, நம்ப மாட்டீங்க, பழைய 55 வாட் தள்ளினதுக்கும் இதுக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியல. பழைய பம்பைக் கழட்டிப் பாத்தா தண்ணிய தள்ளுற இம்பெல்லர் சக்கரத்துல சுண்ணாம்பும் முடியும் சுத்திக் கெடக்கு. இப்ப 21.5. ஃபேன் போடல, தேவைப்படல. லோச் எல்லாம் கீழ கல்லுக்குத் திரும்பிருச்சு, ஒண்ணு மட்டும் செத்துப் போயிருச்சு.

அந்த 55 வாட் பம்ப் சும்மா தான் கெடக்கு, யாருக்காவது வேணுமா?

கொடை மூடுபனி

எனக்கு அனுப்புங்க. டிசம்பர்ல என் பொண்ணோட கப்பி தொட்டிக்கு ஹீட்டர் வாங்கணும்னு நெனச்சேன், இதையே தெர்மாகோல் ஒட்டிப் போட்டுக்கிறேன் 😄