மறு: போர்ட் ஃபார்வர்டிங்குக்கு என்ன சொல் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்பை ஒப்படைக்க வேண்டும். வீட்டிலேயே வலை வழங்கி (வெப் சர்வர்) நடத்துவோருக்கான கையேடு. 'வெளியிலிருந்து தளம் திறக்கவில்லையா?' என்ற இயல் மட்டும் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்ற இந்த ஒரு சொல்லுக்காக நிற்கிறது. கணினியில் ஒரு சேவையை அடையாளம் காட்டும் எண்தான் போர்ட்; வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதைத் திசைவி (ரவுட்டர்) வீட்டுக் கணினிக்கு அனுப்புவதுதான் ஃபார்வர்டிங். வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> துறைமுகம் என்று ஏற்கெனவே சொல்கிறோம். 'துறை முன்னனுப்பல்' போதும்.

ஐயா, 'துறை 443' என்றால் ஏதோ அலுவலகப் பிரிவு என்றே படிப்பவர் நினைப்பார். அதைவிடப் பெரிய சிக்கல் வினைச்சொல். பழுது பார்க்கும் இயலில் 'திறந்திருக்கிறதா', 'மூடியிருக்கிறதா' என்றுதான் வரிக்கு வரி வருகிறது. துறையை யாரும் திறப்பதில்லை; வாயிலைத் திறக்கலாம், அடைக்கலாம். லத்தீன் மூலம் போர்ட்டஸா (துறைமுகம்) போர்ட்டாவா (வாயில்) என்று நேற்று நடந்த நீண்ட வாதத்தை இதற்குமேல் தொடர வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

> வாயில் என்பது இல்வாய் முன்பின்னாக மாறிய இலக்கணப் போலி. வீட்டு வழங்கிக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? தொல்காப்பியக் கற்பியல் தோழி, பாணன், விறலியர் உள்ளிட்ட பன்னிருவரை 'வாயில்கள்' என்கிறது. செய்தியை உள்ளே சேர்ப்பவர்கள்! தீச்சுவர் (ஃபயர்வால்) தடுத்தால் அது 'வாயில் மறுத்தல்', தூது வந்தவரைத் தலைவி ஏற்காமல் திருப்புவது.

அம்மா, இதைப் படித்ததும் எனக்கு ஒரு வழி பிறந்தது. ஆனால் தீச்சுவரை மட்டும் கொஞ்சம் மாற்றுகிறேன். தீச்சுவர் பெரும்பாலும் தரவுப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் கைவிடும். வெளியே இருப்பவர் காத்திருந்து காத்திருந்து நேரம் முடிந்துவிடும். யாரும் மறுக்கவில்லை, பதிலே இல்லை. பொட்டலம் கணினி வரை போய், அந்த எண்ணில் எந்த நிரலும் கேட்டுக்கொண்டிருக்காவிட்டால் உடனே மறுப்பு வரும். அதுதான் உண்மையான வாயில் மறுத்தல். பழுது எங்கே என்று கண்டுபிடிக்க இந்த வேறுபாடுதான் முதல் தடயம். 'மறுப்பு', 'பதிலின்மை' என்று இரண்டையும் கையேட்டில் பிரித்தே எழுதப்போகிறேன்.

அப்புறம் ஃபார்வர்டிங். 'முன்னனுப்பல்' என்பதில் உள்ள 'முன்' காலத்தைச் சொல்கிறதா இடத்தைச் சொல்கிறதா என்று தெரியவில்லை. 'மடைமாற்றம்' அழகான சொல், வேலையையும் சரியாகவே காட்டுகிறது. ஆனால் பணத்தை வேறு வழியில் திருப்பிய செய்திகளில் அடிபட்டுக் கறைபட்டுவிட்டது. 'ஆற்றுப்படுத்தல்' எனக்கு மிகவும் பிடித்தது. பரிசில் பெற்றவன் இன்னொருவனுக்கு வழிகாட்டும் மரபு. இலங்கை நண்பர்களுக்கோ அது உளவள ஆலோசனை. அதனால் 'திருப்பிவிடல்'. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

"வெளி வாயில் 8080க்கு வருவதை 192.168.1.20இன் 80ஆம் வாயிலுக்குத் திருப்பிவிடுங்கள். அந்தக் கணினியின் முகவரி மாறாதபடி திசைவியில் ஒதுக்கி வையுங்கள். மாறினால் திருப்பிவிட்டது வேறு கருவிக்குப் போய்விடும். வீட்டு வைஃபையிலிருந்து சோதிக்காதீர்கள், சில திசைவிகள் உள்ளிருந்து வெளி முகவரிக்குப் போய்த் திரும்ப விடாது. கைப்பேசித் தரவில் சோதியுங்கள். திசைவியின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால், சேவை தருபவரிடமும் ஒரு முகவரி மாற்றம் (ஒரே வெளி முகவரியைப் பலருக்குப் பகிர்வது) நடக்கிறது. அப்போது உங்கள் வாயிலை மட்டும் திருப்பிவிட்டுப் பயனில்லை."

சத்தமாகப் படித்துப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை.

> 'போர்ட்' என்றே விட்டால் என்ன? திசைவியின் திரையில் அதுதானே இருக்கிறது?

நியாயமான கேள்வி. அதனால் முதல் இடத்தில் 'வாயில், அதாவது திரையில் போர்ட் என்று இருப்பது' என எழுதுவேன். டகர மெய்யில் சொல் முடியலாகாது, 'போர்ட்டு' என்றாவது எழுதுங்கள் என்றவருக்கு: நன்னூல் விதி தெரியும். ஆனால் திரையில் இருப்பதை அடையாளம் காட்டும் இடம் அது, அப்படியே இருக்கட்டும்.

பெரும்பாலோர் வாயில் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். நாளை மாலை வரை மறுப்பு வராவிட்டால் 'வாயில் திருப்பிவிடல்' என்றே அனுப்பிவிடுகிறேன்.

---

மறு: மறு: போர்ட் ஃபார்வர்டிங்குக்கு என்ன சொல் வைக்கலாம்?

மறுப்பு இருக்கிறது. கேட்வேயை, அதாவது வீட்டு வலையை இணையத்தோடு இணைக்கும் கருவியை, 'நுழைவாயில்' என்று நாம்தான் முன்பு முடிவு செய்தோம். இப்போது ஒரே பக்கத்தில் 'நுழைவாயில் 192.168.1.1' என்றும் 'வாயில் 80' என்றும் வரும். முதலாவது ஒரு கருவியின் முகவரி, இரண்டாவது 0 முதல் 65535 வரை ஓடும் எண். புதிதாகப் படிப்பவர் ஒன்றை மற்றொன்றின் கட்டத்தில் நிரப்புவார், தளமும் திறக்காது. திறத்தல், மூடல் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் துறையையும் அடைக்கலாம் ஐயா, மறிக்கலாம். பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் வாயிலையே போடுங்கள், ஆனால் நுழைவாயிலுக்கு வேறு சொல் தேடும் வரை என் வாக்கு துறைக்குத்தான்.