தோற்றார்களா, பதுங்கினார்களா? ஜிஹாதி அமைப்புகளின் ஏற்ற இறக்கம்

கரிசல்: 2019 மார்ச்சில் சிரியாவில் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) அமைப்பின் கடைசிப் பிடியாக இருந்த பாகூஸ் விழுந்ததும் அதன் கதை முடிந்தது என்றார்கள். இதே பேச்சு 2008லும் கேட்டதுதான். ஈராக்கின் அன்பார் மாகாணத்துச் சுன்னி பழங்குடிகள் அமெரிக்கப் படையோடு சேர்ந்து அடித்ததில் அந்த அமைப்பு எலும்பும் தோலுமாகக் கிடந்தது. ஆறே வருடத்தில், 2014 ஜூனில், மொசூல் நகரமே அவர்கள் கையில். ஒழித்துவிட்டோம் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதாக இல்லை.

வடதிசை: மொசூலைப் பிடித்ததைச் சொல்கிறீர்கள், 2017 ஜூலையில் இழந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஷியா, குர்து, யசீதி, தங்களுக்கு அடங்காத சுன்னிகள் என்று ஒரே நேரத்தில் எல்லாரையும் பகைத்தால் எத்தனை நாள் தாங்கும்? தொண்ணூறுகளில் அல்ஜீரிய அரசை எதிர்த்துப் போரிட்ட ஜிஐஏ என்ற ஆயுதக் குழுவும் அப்படித்தான் அழிந்தது. 1997ல் ராயிஸ், பெந்தல்ஹா ஊர்களில் பொதுமக்கள் படுகொலை செய்யப்பட்ட பிறகு, முன்பு பரிவு காட்டியவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கரிசல்: பெந்தல்ஹாவில் பக்கத்திலேயே இருந்த ராணுவம் ஏன் வரவில்லை என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. அது கிடக்கட்டும். தாலிபானுக்கு என்ன சொல்கிறீர்கள்? 2001ல் ஓடியவர்கள் 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூலில். முதல் மாகாணத் தலைநகரம் விழுந்து பத்து நாள்கூட முழுதாக ஆகவில்லை. அமெரிக்கா தாலிபானோடு 2020ல் போட்ட தோஹா ஒப்பந்தத்தில் காபூல் அரசையே சேர்க்காதபோது, அதற்காக எந்தச் சிப்பாய் உயிரைக் கொடுப்பான்?

வடதிசை: நான் சொல்வதும் அதுதான். சொந்த நாட்டோடு நின்றவர்கள் பிழைத்தார்கள், உலகத்தோடு மோதியவர்கள் அழிந்தார்கள். சிரியாவின் கிளர்ச்சிக் குழுத் தலைவர் ஜொலானி 2016ல் அல்-கொய்தாவை உதறினார். 2024 டிசம்பரில் டமாஸ்கஸைப் பிடித்தார். அவர் தலைக்கு ஒரு கோடி டாலர் விலை வைத்த அமெரிக்காவே அதே மாதம் அதை விலக்கிக்கொண்டது.

நடுவாசல்: இருவருமே அரபு நாடுகளையும் ஆப்கனையும் விட்டு நகரவில்லை. மாலியில் 2013ல் பிரெஞ்சுப் படை சில வாரங்களில் ஜிஹாதிகளை நகரங்களிலிருந்து விரட்டியது. 2022ல் அந்தப் படை கிளம்பிவிட்டது. 2025ல் அல்-கொய்தா கிளையான ஜேஎன்ஐஎம், தலைநகர் பமாகோவுக்குப் போகும் எண்ணெய் லாரிகளை மறித்தது. அல்-கொய்தாவை உதறாமலேயே வளர்கிறார்களே!

கரிசல்: அதேதான். தாலிபானும் உதறவில்லை. 2022 ஜூலையில் அல்-கொய்தா தலைவர் ஜவாஹிரி அமெரிக்கத் தாக்குதலில் கொல்லப்பட்டது காபூலில், ஒரு வீட்டு மாடியில்.

வடதிசை: சரி, அந்த இடம் எனக்கு இடிக்கிறது. ஆனாலும் மாடியில் ஒருவரை ஒளித்துவைப்பது வேறு, அவரை வைத்து நியூயார்க்கைத் தாக்குவது வேறு.