குவாட்டர்பேக் போட்டி: ஸ்பிரிங் முடிந்தும் கோச் பெயர் சொல்லவில்லை. எதைப் பார்த்து முடிவெடுப்பார்கள்?

மூன்றாம்டவுன்:

எங்க காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல வர்ற சீசனுக்குக் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தறவர்) இடத்துக்கு மூணு பேர் போட்டியில இருக்காங்க. ஒருத்தர் போன வருஷம் பேக்கப்பா (மாற்று ஆளா) இருந்த ஜூனியர் (மூணாம் வருஷ மாணவர்). பிளேபுக் (டீமோட ஆட்டத் திட்டங்கள்) அத்துப்படி, கை (வீசற பலம்) சுமார். இன்னொருத்தர் ஜனவரியில போர்ட்டல் (காலேஜ் மாற விரும்பற வீரர்கள் பதியற இடம்) வழியா வந்தவர், பழைய காலேஜ்ல ஒரு சீசன் முழுக்க ஸ்டார்ட் பண்ணினவர். மூணாவது ஆள் ஃப்ரெஷ்மன் (முதல் வருஷம்), கை பயங்கரம். ஸ்பிரிங் கேம்ல (வசந்தப் பயிற்சியில டீமுக்குள்ளயே ஆடற ஆட்டம்) நீள பாஸா போட்டுக் கலக்கினது அவர்தான். ஆனா கோச் "மூணு பேரும் நல்லா வர்றாங்க"ன்றதோட நிறுத்திக்கிறார்.

கேள்வி ரெண்டு. ஸ்பிரிங் கேமை எவ்வளவு நம்பலாம்? ஆகஸ்ட் கேம்ப்ல உண்மையில எதை வச்சு ஆளைத் தேர்ந்தெடுக்கிறாங்க? "தலைமைப் பண்பு", "துணிச்சல்"னு பொத்தாம் பொதுவா சொல்லாம, விவரமா சொல்றவங்க சொல்லுங்க.

ஸ்னாப்கணக்கு:

ஸ்பிரிங் கேமை ஓரமாக வையுங்கள். என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் காலேஜ் விளையாட்டு அமைப்பு) அனுமதிக்கும் ஸ்பிரிங் பிராக்டிஸ் 15. அதில் ஒன்றுதான் நீங்கள் பார்த்தது. மற்ற 14-லும் ஒவ்வொரு ஸ்னாப்பையும் (பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் ஒவ்வொரு ஆட்டத்தையும்) வீடியோவில் ஓட்டிப் பார்த்து கோச்கள் மதிப்பெண் போட்டிருப்பார்கள். போதாததற்கு ஸ்பிரிங் கேமில் டிஃபென்ஸின் (தடுக்கும் பக்கத்தின்) கையைக் கட்டிவிடுவது வழக்கம். இரண்டு மூன்று கவரேஜ்தான் (ரிசீவர்களைக் காக்கும் முறை), பிளிட்ஸ் (கூடுதல் ஆட்கள் குவாட்டர்பேக் மீது பாய்வது) அநேகமாகக் கிடையாது. செப்டம்பரில் மோதப்போகிறவர்களும் அந்த வீடியோவைப் பார்ப்பார்கள் என்பதால் சொந்தச் சரக்கை யாரும் கடைவிரிக்க மாட்டார்கள்.

அடுத்தது, தொடக்கூடாத ஜெர்ஸி. குவாட்டர்பேக் வேறு நிற ஜெர்ஸியில் நிற்பார், டிஃபெண்டர் கைவைத்தால் விசில். இது இரண்டு பக்கமும் பொய் சொல்லும். கால் பலத்தில் ஆடுபவர், ஆட்டத்தில் உதறிவிட்டு ஓடியிருக்கக்கூடிய ஒரு பிடிக்கு இங்கே சாக் (பந்தை வீசுமுன் பிடிபடுவது) வாங்குவார். நின்று வீசுபவரோ விலா எலும்பில் அடி விழாது என்ற தைரியத்தில் அரை நொடி கூடுதலாக நின்று அழகாக வீசுவார். அந்த அரை நொடி நிஜ ஆட்டத்தில் கிடையாது. அதனால் விசில் அடித்தார்களா என்பதை விட்டுவிட்டு, "ஆட்டத்தில் இது சாக் ஆகியிருக்குமா" என்று கோச்கள் தனியாகக் குறித்துக்கொள்வார்கள்.

யாரோடு சேர்ந்து ஆடினார் என்பதும் முக்கியம். இரண்டாவது செட் (மாற்று ஆட்டக்காரர்கள்) ஆஃபென்சிவ் லைன் (குவாட்டர்பேக்கைக் காக்கும் ஐவர்) முன்னால் நிற்க, முதல் செட் டிஃபென்ஸை எதிர்கொண்டவரையும், அதற்குத் தலைகீழாக ஆடியவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. ஒழுங்காகப் போட்டி நடத்துகிற கோச்கள் குழு நாள் விட்டு நாள் முதல் செட்டை மாற்றிக் கொடுக்கும். ஒரே ஸ்கிரிப்டையும் கொடுக்கும்: அதே ஆட்டங்கள், அதே டவுன் (பத்து யார்ட் முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் எத்தனையாவது), அதே தூரம்.

இப்போது ஆகஸ்ட். சீசனுக்கு முன் 25 பிராக்டிஸ். கடைசி ஏழெட்டு நாள் முதல் எதிராளிக்கான தயாரிப்பில் போய்விடும். அப்போது ஸ்கவுட் டீம் எதிராளி போல வேஷம் கட்டி நிற்கும், அங்கே போட்டிக்கு இடமில்லை. மிச்சம் பதினேழு பதினெட்டு. ஒரு நாளில் முதல் செட்டுக்கு 50 டீம் ஸ்னாப் என்று வைத்துக்கொண்டால், இருவர் பிரித்தால் ஆளுக்கு 25. மூவர் என்றால் 16 அல்லது 17. அதையும் தேர்ட் டவுன், ரெட் ஸோன் (எதிராளியின் கடைசி 20 யார்ட்), டூ மினிட் (கடைசி இரண்டு நிமிட அவசர ஆட்டம்) என்று பகுத்தால் ஒருவருக்கு ரெட் ஸோனில் மூன்று ஸ்னாப் தேறினால் அதிசயம். அதை வைத்து எவரையும் எடைபோட முடியாது. ரிசீவர்களுக்கும் மூன்று விதமான பந்து வேகம் பழகாது. ஆக, மூன்று பேர் போட்டி என்பது முதல் வாரத்திலேயே இரண்டு பேர் போட்டியாகிவிடும். முதல் ஸ்கிரிம்மேஜுக்குப் (டீமுக்குள் நடக்கும் பயிற்சி ஆட்டம்) பிறகு முதல் செட்டோடு ஸ்னாப் எடுக்காதவர் போட்டியில் இல்லை, கோச் மைக்கில் என்ன பேசினாலும் சரி.

தேர்வு எங்கே நடக்கிறது என்று கேட்டீர்கள். பெரும்பகுதி ஸ்னாப்புக்கு முன்னால். 2024 முதல் எஃப்.பி.எஸ். (காலேஜ் ஃபுட்பாலின் உயர் பிரிவு) ஆட்டங்களில் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் கோச் ரேடியோவில் பேசலாம். பிளே கிளாக்கில் (அடுத்த ஸ்னாப்புக்குள் ஓடும் கடிகாரம்) 15 நொடி மிச்சம் இருக்கும்போது, அல்லது பந்து ஸ்னாப் ஆனதும், எது முந்துகிறதோ அப்போது லைன் துண்டிக்கப்படும். டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர்களுக்கும் இது தெரியும். கிளாக்கில் 14 வரும்வரை காத்திருந்து சேஃப்டியை (பின்வரிசையில் நிற்கும் டிஃபெண்டர்) நகர்த்துவார்கள்.

ஒரு உதாரணம். தேர்ட் அண்ட் 6 (மூன்றாவது டவுன், இன்னும் 6 யார்ட் வேண்டும்). புரொடெக்‌ஷன் (குவாட்டர்பேக்கைக் காக்கும் லைன்) இடது பக்கம் சரிகிறது, ரன்னிங் பேக்கும் (பந்தை ஏந்தி ஓடுபவர்) பாஸ் வாங்க ரூட் ஓடப் போகிறார், ஆக குவாட்டர்பேக்கைக் காக்க ஐந்து பேர்தான். கிளாக்கில் 9 நொடி. வலப்பக்க சேஃப்டி 12 யார்டிலிருந்து 7-க்கு மெல்ல இறங்குகிறார், அந்தப் பக்க கார்னரும் (ஓர ரிசீவரைக் காக்கும் டிஃபெண்டர்) உள்ளே பார்க்கிறார். வலது பக்கத்திலிருந்து தடுக்க ஆளில்லாமல் ஒருவர் வரப்போகிறார். விடை மூன்று: சரிவை வலப்பக்கம் திருப்பச் சொல்லலாம், ரன்னிங் பேக்கை உள்ளேயே நிறுத்தலாம், அல்லது ஒன்றும் மாற்றாமல் ஸ்லாட் ரிசீவருக்கு (லைனுக்கும் ஓர ரிசீவருக்கும் நடுவில் நிற்பவர்) உடனே ஹாட் பாஸ் (பிளிட்ஸ் எட்டுமுன் போடும் அவசர பாஸ்) போடலாம். எதைச் செய்தாலும் மதிப்பெண் உண்டு. எதுவும் செய்யாமல் முதல் ரிசீவரையே பார்த்து நின்றால் எட்டு யார்ட் சாக், சில சமயம் ஃபம்பிளும் (பந்து கைநழுவுவது) சேர்ந்து வரும். உங்கள் ஃப்ரெஷ்மனிடம் ஸ்பிரிங் கேமில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஜூனியர் இன்னும் ஓட்டத்தில் இருப்பதற்கு அநேகமாக இதுதான் காரணம்.

ஹேஷ்மார்க்:

மேலே சொன்னதோடு எனக்குப் பெரிய சண்டை இல்ல. ஆனா "கை சுமார்"ன்றதை இவ்வளவு லேசா விட்டுட முடியாது. காலேஜ் மைதானத்துல அது கணக்குப் பிரச்சினை.

மைதானம் 160 அடி அகலம். காலேஜ்ல ரெண்டு ஹேஷ் கோட்டுக்கும் (ஒவ்வொரு ஆட்டமும் இதுக்குள்ளதான் தொடங்கும்) நடுவுல 40 அடி, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். அதனால காலேஜ்ல பந்து ஒரு ஹேஷ்ல இருந்தா ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. இப்ப 12 யார்ட் அவுட் ரூட் (ரிசீவர் 12 யார்ட் ஓடி எல்லைக் கோட்டுப் பக்கம் திரும்பறது) போடணும். குவாட்டர்பேக் லைனுக்கு 6 யார்ட் பின்னால நிக்கிறார், ரிசீவர் எல்லைக் கோட்டுக்கு 3 யார்ட் உள்ளே பிடிக்கிறார்னு வைங்க. கிட்டப் பக்கம் பந்து காத்துல போற தூரம் ஏறக்குறைய 25 யார்ட். தூரப் பக்கம் 35. அந்த அதிகப்படி 10 யார்டுக்குள்ள கார்னர் வந்து பந்துக்கும் ரிசீவருக்கும் நடுவுல கையை நீட்டிடுவார். அங்க விழற இன்டர்செப்ஷன்ல (எதிராளி பந்தைப் பிடிச்சிடறது) அவருக்கு முன்னாடி வெறும் புல்தரைதான்.

கை இல்லாதவர்னா அந்த ரூட்டையே பிளே ஷீட்ல இருந்து அடிச்சிடுவாங்க. சரி, அதனால என்னன்னு கேக்கலாம். ரெண்டு ஆட்டத்து வீடியோ வெளிய போனதும் எதிராளிக்கு விஷயம் புரிஞ்சிடும். அகலமான பக்கத்துல கார்னர் தளர்ந்து நிப்பார், அந்த சேஃப்டி ரன்னைத் தடுக்க கீழ வந்துடுவார், உங்க ரன்னிங் கேமும் சேர்ந்து படுத்துடும்.

கேம்ப்ல திறந்த பிராக்டிஸ் பாக்கப் போறவங்க நீள பாஸைப் பார்த்து வாயைப் பிளக்காம, தூர ஹேஷ்ல இருந்து போடற அவுட்டையும் கம்பேக்கையும் (ரிசீவர் ஓடிட்டுத் திரும்பி வந்து பிடிக்கற ரூட்) மட்டும் பாருங்க. ரிசீவர் திரும்பறதுக்கு முன்னாடியே பந்து கையை விட்டுப் போயிருந்தா ஆள் தேறிட்டார். திரும்பினதைப் பார்த்துட்டு வீசினா, கை எவ்வளவு பெருசா இருந்தாலும் பந்து லேட்டுதான்.

பழையஸ்கோர்புக்:

போர்ட்டலில் வந்தவரைப் பற்றி யாரும் பேசக் காணோம். அவருடைய பழைய புள்ளிவிவரத்தைப் படிப்பதில் ஒரு பொறி உண்டு.

காலேஜ் பாஸர் ரேட்டிங் (பந்து வீசுபவரின் மதிப்பெண்) கணக்கு இது: யார்டை 8.4-ஆல் பெருக்கு, டச்டவுனை 330-ஆல், கம்ப்ளீஷனை (ரிசீவர் பிடித்த பாஸ்) 100-ஆல். மூன்றையும் கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 200 வீதம் கழித்து, மொத்த முயற்சியால் வகு. இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம், ஆளுக்கு 20 முயற்சி. முதலாமவர் 14 கம்ப்ளீஷன், 160 யார்ட், ஒரு டச்டவுன், இன்டர்செப்ஷன் இல்லை: 153.7. இரண்டாமவர் 12 கம்ப்ளீஷன், 180 யார்ட், இரண்டு டச்டவுன், இரண்டு இன்டர்செப்ஷன்: 148.6. இரண்டு முறை பந்தை எதிராளியிடம் கொடுத்தவர் வெறும் ஐந்து புள்ளிதான் பின்னால் நிற்கிறார்! எந்தக் கோச்சும் அவர்களை அவ்வளவு நெருக்கமாக நினைக்க மாட்டார்.

சாக் இந்தக் கணக்கில் வரவே வராது. காலேஜ் விதிப்படி சாக்கில் இழந்த யார்டு குவாட்டர்பேக்கின் ரன்னிங்கில் கழியும். எட்டு ஓட்டத்தில் 50 யார்ட் எடுத்தவர், நான்கு சாக்கில் 30 இழந்தால் ஸ்கோர் ஷீட்டில் 12 ஓட்டம், 20 யார்ட் என்றுதான் இருக்கும். "இவருக்கு ஓடத் தெரியாது" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுவோம். சாக் எண்ணிக்கையைத் தனியாகத் தேடிப் பிடித்து, முயற்சியோடு கூட்டி, நூறு டிராப்பேக்குக்கு (வீசப் பின்வாங்கும் முறை) எத்தனை என்று பாருங்கள். லைன் மாறினாலும் இந்தப் பழக்கம் ஓரளவு குவாட்டர்பேக்கோடேயே புதுக் காலேஜுக்கு வரும், ஏனென்றால் பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்பது அவருடைய வழக்கம்.

பழைய ஆஃபென்ஸ் ஆர்.பி.ஓ. (ஓட்டமா பாஸா என்று ஒரு டிஃபெண்டரைப் பார்த்து முடிவெடுக்கும் ஆட்டம்) மயமாக இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். காலேஜில் பாஸ் ஆட்டத்திலும் லைன்மேன் மூன்று யார்ட் வரை முன்னேறலாம், அதனால் ஆர்.பி.ஓ. இங்கே செழித்து வளர்கிறது. அதில் ஒரே ஒரு டிஃபெண்டரைப் பார்த்து முடிவெடுத்தால் போதும். 70 சதவீத கம்ப்ளீஷன் அங்கே வந்துவிடும். அதே ஆளை தேர்ட் அண்ட் 9-இல் மூன்று ரிசீவர்களை வரிசையாகப் படிக்கச் சொன்னால் வேறு ஆளாகத் தெரிவார். தேர்ட் டவுன், ஏழு யார்டுக்கு மேல்: அந்த வீடியோவை மட்டும் பாருங்கள்.

மூன்றாம்டவுன்:

ரொம்ப நன்றி. இன்னும் ஒண்ணு. ரெண்டு பேரை மாத்தி மாத்தி ஆட வச்சா என்ன? "ரெண்டு குவாட்டர்பேக் இருந்தா ஒரு குவாட்டர்பேக்கும் இல்லைன்னு அர்த்தம்"னு எல்லாரும் சொல்றது உண்மையா? அப்புறம், ஆள் போர்ட்டலுக்குப் போயிடுவார்னு பயந்துதான் கோச் பேர் சொல்லாம இருக்காரா?

ஸ்னாப்கணக்கு:

போர்ட்டல் பயம் முன்பு நியாயம். போர்ட்டலில் பதிய ஏப்ரல் ஜன்னல் திறந்திருந்தவரை, ஸ்பிரிங்கில் தோற்றவர் அடுத்த வாரமே பெட்டியைக் கட்டலாம். 2026-இல் இருந்து ஃபுட்பாலுக்கு ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே ஜன்னல்தான். தலைமைக் கோச் மாறினால் மட்டும் அந்த டீமுக்குத் தனி ஏற்பாடு. ஆக ஸ்பிரிங்கில் பெயர் சொன்னால் உடனே ஆள் ஓட வழியில்லை. இருந்தும் சொல்லவில்லை என்றால், ஒன்று உண்மையிலேயே முடிவாகவில்லை, இல்லை மூவரும் கோடை முழுக்க வியர்வை சிந்தட்டும் என்று விட்டிருக்கிறார்.

மாற்றி ஆடுவது வேலை தனித்தனியாக இருந்தால் எடுபடும். 2006 சீசனில் ஃபுளோரிடாவில் கிறிஸ் லீக் பந்தை வீசினார், ஃப்ரெஷ்மன் டிம் டீபோ குறுகிய தூரத்துக்கு ஓட வந்தார். ஓஹயோ ஸ்டேட்டை 41-14 என்று வென்று தேசியப் பட்டம் வாங்கினார்கள். ஒரே வேலையை இருவரும் பங்கு போட்டால் நிலைமை வேறு. ஒரு தவறு செய்தால் உட்கார வைப்பார்கள் என்ற எண்ணம் இருவர் தலையிலும் ஏறிவிடும், இறுக்கமான இடைவெளிக்குள் பந்தைப் போட மாட்டார்கள்.

மிச்சிகன் 2022-இல் செய்தது எனக்குப் பிடித்த முறை. முதல் ஆட்டம் கேட் மெக்நமாரா ஸ்டார்ட், இரண்டாவது ஜே.ஜே. மெக்கார்த்தி ஸ்டார்ட், அதன் பிறகு மெக்கார்த்திதான். ஜிம் ஹார்பா இதை முன்கூட்டியே அறிவித்துவிட்டார். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த இரு ஆட்டமும் எளிய எதிராளிகள். முதல் வாரமே உங்கள் டீமுக்குப் பெரிய எதிராளி என்றால் இந்த ஆடம்பரம் கிடையாது.

பழையஸ்கோர்புக்:

தோற்றவரைக் கையாளுவதும் இதே முடிவின் பாகம். கிளெம்சன் 2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கெல்லி பிரையன்ட் ஸ்டார்டர், ட்ரெவர் லாரன்ஸ் ஃப்ரெஷ்மன். நான்கு ஆட்டம் முடிந்ததும் லாரன்ஸுக்குக் கொடுத்தார்கள். நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் ரெட்ஷர்ட் வருஷம் (ஆடும் தகுதியில் அந்த வருஷம் கழியாது) மிஞ்சும் என்ற விதி அந்த ஆண்டுதான் வந்திருந்தது. பிரையன்ட் அதைப் பயன்படுத்திக்கொண்டு உடனே விலகினார். அடுத்த ஆட்டமே சிராக்யூஸோடு, லாரன்ஸ் அடிபட்டு வெளியேறினார். மூன்றாவதாக இருந்த சேஸ் பிரைஸ் கடைசிக் கட்டத்தில் 94 யார்ட் டிரைவ் (தொடர் முன்னேற்றம்) ஓட்டி 27-23 என்று காப்பாற்றினார். தோற்றிருந்தால் அந்த சீசனில் கிளெம்சன் வாங்கிய தேசியப் பட்டமே கைநழுவியிருக்கலாம்.

மறுபக்கம் அலபாமா. 2018 ஜனவரி தேசிய இறுதி ஆட்டத்தில் பாதியில் ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்து டுவா டாங்கோவைலோவாவை இறக்கினார்கள், ஜார்ஜியாவை 26-23 வென்றார்கள். ஹர்ட்ஸ் போகவில்லை. அதே டிசம்பரில் எஸ்.இ.சி. (அலபாமா ஆடும் காலேஜ் லீக்) இறுதியில், மறுபடியும் ஜார்ஜியாதான், டுவா அடிபட ஹர்ட்ஸ் வந்து 35-28 என்று முடித்துக் கொடுத்தார்.

ஆகவே உங்கள் மூவரில் மூன்றாம் இடத்தில் இருப்பவருக்கும் வாரம் கொஞ்சம் முதல் செட் ஸ்னாப் கிடைக்கிறதா என்று கவனியுங்கள். 2014-இல் ஓஹயோ ஸ்டேட் பட்டம் வாங்கியதே மூன்றாவது ஆளை வைத்துத்தான்: ஆகஸ்டில் பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோள் போனது, மிச்சிகன் ஆட்டத்தில் ஜே.டி. பாரெட்டுக்குக் கணுக்கால் முறிந்தது, கார்டேல் ஜோன்ஸ் வந்து விஸ்கான்சின், அலபாமா, ஆரெகன் மூன்றையும் வென்றார்.

ஹேஷ்மார்க்:

யாரும் சொல்லாத சின்ன விஷயம்: மூணு பேர்ல யாராவது இடது கையா? ஆமான்னா பந்தோட சுழற்சி எதிர்ப்பக்கம் இருக்கும், ரிசீவருங்க பழகறதுக்குள்ள கையில பட்டு நழுவும். அவர் முதுகைக் காக்க வேண்டியது ரைட் டாக்கிள் (லைன்ல வலது ஓரத்துல நிக்கறவர்), லெஃப்ட் டாக்கிள் இல்ல. கேம்ப்ல ரைட் டாக்கிள் இடத்துக்கு டீம்ல இருக்கற சிறந்த புரொடெக்டரை நகர்த்திட்டாங்கன்னா, கோச் வாயைத் திறக்காமலே ஸ்டார்டர் யாருன்னு சொல்லிட்டார்.

மூன்றாம்டவுன்:

போர்ட்டல்ல வந்தவர் இடது கைதான்! ரைட் டாக்கிள் யாருன்னு இப்பவே ரோஸ்டரைத் திறந்து பாக்கறேன்.