ஐப்பசி, கார்த்திகையில் முன்வாசல் காய்ந்து கிடக்க: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பெருமாள்புரம் (கேள்வி)

வடக்குப் பார்த்த வீடு. முன்வாசல் 12 அடி நீளம், 10 அடி அகலம், பேவர் பிளாக் பாவியது. ஐப்பசி பிறந்தால் மார்கழி வரை ஈரம் காய்வதே இல்லை. கல் இடுக்கெல்லாம் பாசி. சுவரில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு உப்புப் பூத்து பெயிண்ட் உரிகிறது. கல்லைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார் கொத்தனார். ஒட்டலாமா?

பாளையங்கோட்டை, கட்டட மேற்பார்வை

இப்போதைக்கு வேண்டாம் அண்ணாச்சி. எந்தத் தண்ணீர் வாசலை நனைக்கிறது என்று தெரியாமல் மேலே எதை ஒட்டினாலும் அதுவும் சேர்ந்துதான் பெயரும். மேலிருந்து விழும் தூவானமா, பக்கத்திலிருந்து ஓடிவரும் தண்ணீரா, அடியிலிருந்து ஏறும் ஊறலா என்று முதலில் பிரித்துவிடுங்கள். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு, 2 அடிச் சதுர பாலிதீன் தாளை வாசலில் விரித்து நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் அடியிலிருந்து வருகிறது. தாள் காய்ந்திருந்தால் மேல்தண்ணீரும் வாட்டக் குறைவும் (தரைச் சரிவு போதாததும்) தான் காரணம்.

வாட்டத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துப் பாருங்கள். சிமெண்ட் தளத்துக்கும் டைல்ஸுக்கும் 10 அடிக்கு ஒன்றரை இன்ச் இறக்கம் போதும். பேவர் பிளாக்குக்கு 2 இன்ச் வேண்டும், இடுக்குகளில் தண்ணீர் தயங்கி நிற்கும். வாசல் தாண்டி வெறும் மண் என்றால் முதல் 10 அடிக்கு 6 இன்ச் இறங்க வேண்டும். வாட்டம் வீட்டை விட்டு வெளியே போகிறதா என்றும் பாருங்கள். தெருவாசல் உயரமாக இருக்கும் இடங்களில் பல கொத்தனார்கள் வாட்டத்தை வீட்டுப் பக்கமே திருப்பி, சுவரோரம் ஒரு குழாயை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் குழாய் வாயில் நான்கு இலை அடைத்தால் பேஸ்மட்டம் (வீட்டுத் தளம் வரை எழுப்பிய அடிச்சுவர்) முழுக்கத் தண்ணீர் குடிக்கும்.

உங்கள் வீடு வடக்குப் பார்த்தது என்பதும் முக்கியம். ஆனி ஆடிச் சாரலை நினைத்து மேற்கே மறைப்பு வைக்கிறோம். வாசலை நனைப்பதோ வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்து வரும் மழை. 2 அடி சன்ஷேடு அதற்குப் பற்றாது, 3 அடியாவது வேண்டும். சன்ஷேடின் அடிப்பக்கத்தில் விளிம்பிலிருந்து ஒன்றரை இன்ச் உள்ளே அரை இன்ச் காடி (நீளப் பள்ளம்) வெட்டாவிட்டால், தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும்.

மானூர், கரிசல் மண் வேலை

வாட்டக் கணக்கு சரி. ஆனால் எங்கள் பக்கம் அது ஒரே வருஷம்தான் நிற்கும். கரிசல் மழையில் உப்பி வீங்கும், வெயிலில் வெடிக்கும். சரியாக விட்ட வாட்டம் அடுத்த கோடைக்குள் மேடும் பள்ளமுமாகிவிடும்.

இங்கே அடிக்கடி பார்க்கும் தப்பு மணல் நிரப்புவது. கரிசலை 2 அடி தோண்டி ஆற்று மணலோ எம்-சாண்டோ போட்டால் தளம் உறுதியாகும் என்று நினைக்கிறார்கள். சுற்றிலும் தண்ணீர் இறங்காத மண், நடுவில் மணல். அது தொட்டி மாதிரி நிரம்பி நிற்கும். அந்தத் தண்ணீரைக் குடித்து அடியிலுள்ள கரிசல் இன்னும் உப்பும். மணலுக்குப் பதில் சரள் மண் போடுங்கள். கொஞ்சம் களிமண் பிடிப்பும் இருந்து, உப்பாத செஞ்சரளாக இருக்க வேண்டும். ஒன்றரை அடி முதல் 2 அடி வரை, 6 இன்ச்சுக்கு ஒரு தட்டாகத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கி, அதன் மேல் தளம். சரளின் மேல்மட்டத்திலேயே வாட்டத்தை விட்டுவிட வேண்டும். மேலே பூசும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஓர் ஓரத்தில் தளம் மெலிந்து அங்கேதான் முதலில் விரியும்.

கரிசலில் உறிஞ்சு குழியை (மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) நம்பாதீர்கள். ஓர் அடிக் கன அளவில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வற்றிய பிறகு மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை இன்ச் இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். அரை இன்ச்சுக்கும் குறைவென்றால் குழி வெட்டுவது வீண் செலவு. திறந்த வாய்க்காலாக வெட்டி, தண்ணீரை மேலேயே நடத்திக் கொண்டுபோய் விடுவதுதான் வழி.

திசையன்விளை, தேரிப் பக்கம்

எங்களுக்கு இதற்கு நேர்மாறு. தேரிச் செம்மணலில் தண்ணீர் நிற்பதே இல்லை, ஆனால் போகும்போது மணலையும் கூட்டிக்கொண்டு போகும். பேவர் பிளாக் மேலே நன்றாகத் தெரியும், அடியில் பொந்து விழுந்திருக்கும். அதனால் ஓரக்கட்டு இல்லாமல் பாவக்கூடாது. 4 இன்ச் அகலம், 8 இன்ச் ஆழத்துக்குச் சுற்றிலும் கான்கிரீட் ஓரம் கட்டிவிட்டுத்தான் கல் பாவ வேண்டும்.

பெருமாள்புரத்துக்காரருக்கு இன்னொன்று. கல்லுக்கு அடியில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு கல்லைப் பெயர்த்துப் பாருங்கள். கிரஷர் பவுடர் என்றால் பாதிக் குற்றம் அதில்தான். அது மாவாக இருப்பதால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மிதித்தால் இடுக்கு வழியாகச் சகதி பீச்சும். இறுக்கிய மண்ணின் மேல் 4 இன்ச் ஜல்லிக் கலவை, அதன் மேல் ஒன்றரை இன்ச்சுக்கு 6 மி.மீ. சிப்ஸ், பிறகு கல். ஜல்லித் தட்டிலிருந்து தண்ணீர் வெளியேற தாழ்ந்த ஓரக்கட்டில் 3 அடிக்கு ஒரு துளை விடுங்கள். இடுக்கில் சிமெண்ட் பாலை ஊற்றாதீர்கள்.

திருநெல்வேலி டவுன், குளத்துப் பாசனப் பகுதி

மண்ணைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். நயினார்குளத்துப் பக்கம், பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய்க் கரைகளில் இருப்பவர்கள் நிலத்தடி நீரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டு, குளமும் பெருகிவிட்டால், 3 அடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும் வீடுகள் உண்டு. அங்கே உறிஞ்சு குழி மழைக்கு முன்பே நிரம்பியிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 சதுர அடி மொட்டை மாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் 9,300 லிட்டர். 4 அடிச் சதுரம், 4 அடி ஆழக் குழியில் கல் நிரப்பினால் தண்ணீருக்கு மிஞ்சும் இடம் சுமார் 700 லிட்டர். மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானதிலிருந்து வீட்டுக்கு ஒரு குழி இருக்கிறது, ஆனால் நிரம்பி வழிந்தால் எங்கே போவது என்பதற்குக் குழாய் கிடையாது. வழிந்த தண்ணீர் வாசலுக்குத்தான் வருகிறது. குழி சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும். அதன் வாயிலிருந்து 6 இன்ச் கீழே 4 இன்ச் பிவிசி குழாய் வைத்து வெளியே இறக்குங்கள். கழிவுநீர்க் குழாயிலோ செப்டிக் டேங்கிலோ சேர்த்துவிடாதீர்கள். பெருமழையில் அது அப்படியே குளியலறை வழியாகத் திரும்பி வரும்.

ஊறல் உள்ள வீடுகளுக்குச் சுவரிலிருந்து 3 அடி தள்ளி ஒரு கல் வாய்க்கால் போடலாம். ஓர் அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், 100 அடிக்கு ஓர் அடி இறக்கம். ஜியோ டெக்ஸ்டைல் துணியை (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, 2 இன்ச் கனத்துக்கு முக்கால் இன்ச் ஜல்லி, அதன் மேல் துளையிட்ட 4 இன்ச் குழாய், துளைகள் கீழ்ப்பக்கமாக. மேலே மறுபடி ஜல்லி, துணியை மடித்து மூடி, 4 இன்ச் மண். துணிக்குப் பதில் பச்சை ஷேட் நெட் போடுகிறார்கள். அதன் கண் பெரிது, வண்டல் உள்ளே போய்க் குழாய் அடைத்துவிடும். குழாயின் முடிவு தாழ்வான இடத்தில் திறக்க வேண்டும். அப்படி இடம் இல்லையென்றால் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18 மாதிரி ஒரு நாளுக்கு இது எதுவும் தாங்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை அது. வாசலில் வரும் தண்ணீரைத் திருப்பலாம், ஆறு வந்தால் திருப்ப முடியாது. நாம் பேசுவது சாதாரண ஐப்பசி அடைமழைக்கு.

ஆலங்குளம், செடி வளர்ப்பு

அண்ணாச்சிமார் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். சுவரை ஒட்டிக் கட்டும் பூச்செடித் தொட்டியே பல வீடுகளில் உப்புப் பூப்பதற்குக் காரணம். அழகுக்காகப் பேஸ்மட்டத்துக்கு மேல் மண் நிரப்பி, தினமும் தண்ணீரும் ஊற்றுகிறோம். மண் எப்போதும் பேஸ்மட்டத்துக்கு 6 இன்ச் கீழே இருக்க வேண்டும். சுவரோரம் ஒன்றரை அடிக்குச் செடியே வேண்டாம். அந்த இடத்தில் 4 இன்ச் கனத்துக்குக் கூழாங்கல்லோ ஒன்றரை இன்ச் ஜல்லியோ பரப்பினால், சன்ஷேடிலிருந்து சொட்டும் தண்ணீர் சேறாகத் தெறித்துச் சுவரில் அப்பாது.

வாசலின் தாழ்ந்த ஓரத்தில், சுவரிலிருந்து 10 அடிக்கு அப்பால், 6 இன்ச் ஆழப் பள்ளமாக ஒரு பாத்தி எடுத்து, பாதி மண் பாதி மணல் கலந்து கல்வாழை, சேம்பு, வெட்டிவேர் வையுங்கள். மூன்றும் கால் நனைந்தாலும் தாங்கும், கோடையில் கொஞ்சம் தண்ணீர் காட்டினால் தழைக்கும். முருங்கையும் பப்பாளியும் அங்கே வைத்தால் வேர் அழுகிச் சாயும். பாத்தியில் தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் நின்றால் மணலைக் கூட்டுங்கள். வாரக்கணக்கில் நிற்கும் நல்ல தண்ணீர்தான் டெங்கு கொசுவுக்கு இடம்.

பாசிக்கு ஆசிட் ஊற்றாதீர்கள், சிமெண்ட் கல்லை அரித்துச் சொரசொரப்பாக்கும், பாசி இன்னும் நன்றாகப் பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்துக் கால் மணி நேரம் விட்டு, தேங்காய் நார்ப் பிரஷால் தேய்த்துக் கழுவினால் போதும். செடிப் பக்கம் வழியவிடாதீர்கள். மார்கழிக் கோலம் போடும் இடத்தை வழவழப்பான டைல்ஸாக மாற்றவே வேண்டாம், பனியில் வழுக்கும்.

மேலப்பாளையம், குழாய் வேலை

தெரு மேடாகிப்போன வீடுகளுக்கு மட்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமலே மேலே மேலே போட்டு, வீடு 1 அடி கீழே போய்விட்டால் வாட்டம் விட இடமிருக்காது. கேட்டுக்குக் கீழே 4 இன்ச் மேடு கட்டி, உள்பக்கம் 6 இன்ச் அகல, 6 இன்ச் ஆழக் குறுக்கு வாய்க்கால், மேலே கம்பி ஜல்லடை. அது 2 அடிச் சதுரம், 3 அடி ஆழமுள்ள ஒரு தொட்டியில் விழட்டும். அதை வெளியே தள்ள, உள்ளே மிதவை வைத்த அரை எச்.பி. மோட்டார். மழை நேரத்தில்தான் கரண்ட் போகும், அதனால் அந்த மோட்டாரைத் தாங்கும் இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். வெளிக்குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் தெரு வாய்க்கால் தண்ணீர் உள்ளே வரும். புரட்டாசியில் தொட்டியில் போதுமான தண்ணீர் ஊற்றி மிதவை தூக்குகிறதா என்று பாருங்கள், வால்வைக் கழற்றி உள்ளே சிக்கிய பிளாஸ்டிக் உறைகளையும் எடுத்துவிடுங்கள்.