சனிக்கிழமை இரவு குன்னூரில் சாப்பாடு: எத்தனை பேர்?

(கோத்தகிரிக் குடும்பம்: வாட்ஸ்அப் குழு)

ரமேஷ்: பெரியப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் குன்னூரில் மேசை சொல்லிவைத்திருக்கிறேன். இரவு 7.30. ஐந்து வகை, ஒன்றன் பின் ஒன்றாக வரும். சைவம் எத்தனை, அசைவம் எத்தனை என்று இன்று மாலைக்குள் கேட்கிறார்கள். தலைக்கணக்குப் பார்த்துத்தான் சமைப்பார்களாம்.

செல்வி: நான்கு. அசைவம்.

விஜி: நாங்கள் மூவர். சனிக்கிழமை என்பதால் மாமியார் கறி தொடமாட்டார். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

கோமதி அத்தை: நான் வருகிறேனா என்பதே முடிவாகவில்லை.

செல்வி: ஏன் அத்தை?

கோமதி அத்தை: ஒன்றுமில்லை.

மணி சித்தப்பா: ஊட்டியில் கிளப் சாப்பாட்டறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில விஷயங்கள். மேசையில் கத்தியும் முள்கரண்டியும் வரிசையாக இருக்கும். பயப்பட வேண்டாம், வெளிப்பக்கத்திலிருந்து எடுத்து உள்ளே வாருங்கள். இடப்பக்கத்து ரொட்டித் தட்டுதான் உங்களுடையது, தண்ணீர் கிளாஸ் வலப்பக்கம். பக்கத்து ஆளின் ரொட்டியைத் தின்றுவிடாதீர்கள். ஒரு வகை முடிந்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து வையுங்கள். விரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்துத் தட்டை எடுக்க மாட்டார்கள், அடுத்த வகையும் வராது. முன்பெல்லாம் ஐரோப்பாவிலும் நம் இலை மாதிரி எல்லாப் பண்டங்களையும் ஒன்றாகத்தான் பரப்பினார்கள். ஒவ்வொன்றாகப் பரிமாறும் ரஷ்ய வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில்தான் பிரான்சில் பரவியது.

செல்வி: சித்தப்பா, நீங்கள் சைவமா அசைவமா?

பெரியப்பா: சோறு கிடைக்குமா?

ரமேஷ்: கிடைக்காது பெரியப்பா. ரொட்டி, வெண்ணெய் தருவார்கள்.

பெரியப்பா: அப்படியானால் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

விஜி: மெனு பார்த்தேன். முதலில் காரட் சூப்பாம். விடியற்காலை நாலு மணிக்குக் கை விறைக்க மெஷினில் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பிவிட்டு, அதையே குன்னூரில் வெள்ளைக் கிண்ணத்தில் நாலு கரண்டி குடிக்கப் போகிறோம். தலைக்கு எவ்வளவு ரமேஷ்?

ரமேஷ்: 2,400. வரி தனி.

செல்வி: 😮

பிரபு: கோவையிலிருந்து வர இ-பாஸ் இன்னும் வேண்டுமா?

ரமேஷ்: வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இருப்பதுதானே. கல்லாறில் நிறுத்திப் பார்ப்பார்கள்.

பிரபு: பிறந்த ஊருக்கு வர அனுமதிச் சீட்டு!

விஜி: நீலகிரிப் பதிவு டி.என். 43 வண்டிக்குத் தேவையில்லை. தாத்தா வண்டியை விற்றுவிட்டுக் கோவைப் பதிவில் வாங்கியது யார்?

பிரபு: அதை விற்ற பணம் யாரிடம் போனது என்பதையும் இங்கேயே பேசலாமா?

பெரியம்மா: இருவரும் வாயை மூடுங்கள்.

மணி சித்தப்பா: வரியைப் பற்றி. சாதாரண உணவகத்தில் 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஓட்டலுக்குள் இருந்தால் 18. சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் தானாகச் சேர்த்தால் எடுக்கச் சொல்லலாம். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

செல்வி: பில்லைக் கொடுப்பது யார் என்பதைச் சொல்லுங்கள் முதலில்.

(யாரும் பதில் எழுதவில்லை.)

கோமதி அத்தை: சைவம் என்றால் உண்மையான சைவமா?

மணி சித்தப்பா: நல்ல கேள்வி. சூப்பில் கோழி எலும்புச் சாறு ஊற்றியிருப்பார்கள், கேட்க வேண்டும். வூஸ்டர் சாஸில் நெத்திலி உண்டு. பார்மசான் சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால்தான் உறைய வைப்பார்கள். ஆடுகிற இனிப்பு எதுவானாலும், விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினா என்று கேளுங்கள்.

கோமதி அத்தை: போதும். சுரேஷ் கல்யாணத்தில் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தீர்கள், பாயசம் தீர்ந்துவிட்டது. இங்கே பந்தியே கிடையாது, பண்டமும் கிடையாது.

செல்வி: அத்தை, அந்தப் பாயசத்தை இன்னுமா?

ரமேஷ்: சைவத்துக்குத் தனிச் சமையல் என்று உறுதி சொன்னார்கள் அத்தை. இன்னொன்று, அமைதியான இடம். மொத்தமே எட்டு மேசை. சத்தமாகப் பேசக் கூடாது.

பிரபு: விஜியைக் காரில் உட்கார வைத்துவிடலாம்.

விஜி: வண்டி விற்ற பணத்தில் வாங்கிய காரிலா?

பெரியம்மா: சனிக்கிழமை மதியம் வீட்டில் பிரியாணி, கோமதிக்குத் தக்காளிச் சோறு. இரவுக்கு யார் போகிறீர்களோ போங்கள். திரும்பும்போது சாலையில் காட்டெருமை நிற்கும், மெதுவாக வாருங்கள்.

பெரியப்பா: மதியத்துக்கு நான் உண்டு.

செல்வி: மதியத்துக்கு நான்கு.

விஜி: மூன்று.

ரமேஷ்: நான் கேட்டது இரவுக்கு! உணவகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். பன்னிரண்டு என்று சொல்லிவிட்டேன். கூடக் குறைய என்றால் நாளை காலை பத்து மணிக்குள் சொல்லுங்கள்.

மணி சித்தப்பா: மீனுக்கு வைக்கும் கத்தி தனி. அதைச் சொல்ல விட்டுவிட்டேன். அது கூராக இருக்காது, ஏனென்றால்

கோமதி அத்தை: பன்னிரண்டு என்றால் என்னையும் சேர்த்தா?