ரிகர்வ் வில்: இறகில்லாத அம்பு இடப்பக்கமே போகிறது, அக்டோபருக்குள் சரிசெய்ய வழி சொல்லுங்க

தாராபுரத்தான்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வேலை செய்கிறேன். இப்போது சில மாதங்களுக்கு ஊருக்கு வந்து, தாராபுரம் பக்கம் அப்பாவின் தோட்டத்தில் இருந்தே வேலை பார்க்கிறேன். செப்டம்பர் கடைசியில் திரும்பணும். அங்கே வில்லால் மான் வேட்டையாடும் சீசன் அக்டோபர் 1-ல் தொடங்கும். பாதுகாப்பு வகுப்பு முடித்துவிட்டேன். இந்த வருஷம் முதல் தடவையாகப் போகிறேன், அதுவும் ரிகர்வ் வில்லோடு (முனைகள் முன்பக்கம் வளைந்த வில்). அதற்காகத்தான் இங்கே பயிற்சி.

வில் 62 அங்குலம், மூன்றாகக் கழற்றி மாட்டும் வகை, மர ரைசர் (நடுவில் கைப்பிடி உள்ள துண்டு). லிம்பில் (வளைகிற மேல், கீழ்த் துண்டுகள்) 28 அங்குல இழுப்புக்கு 45 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. வலது கைக்காரன், மூன்று விரலும் அம்புக்குக் கீழே பிடிப்பேன். ரெஸ்ட் (அம்பு தாங்கி) கிடையாது, ஷெல்ஃபின் (கைப்பிடிக்கு மேலுள்ள திட்டு) மேலேயே அம்பை வைத்து விடுகிறேன். அம்பு கார்பன், ஸ்பைன் (வளையும் அளவு) 400, நீளம் 30 அங்குலம், முனை 100 கிரெயின் எடை, பிளாஸ்டிக் இறகு. "45 பவுண்டுக்கு இதுதான் சரி" என்று கடையில் கொடுத்தார்கள்.

15 யார்டில் இறகுள்ள அம்புகள் ஓரளவு ஒரே இடத்தில், ஒரு கையகலத்துக்குள் விழுகின்றன. அம்பு வில்லுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒன்றில் இறகைப் பிய்த்துவிட்டு விட்டுப் பார்த்தால் அது ஒரு சாண் இடப்பக்கம், கொஞ்சம் மேலே போய்க் குத்துகிறது. கூடவே விடும்போது "டக்"கென்று ஒரு சத்தம். மானுக்கு அந்தச் சத்தமே போதும், துள்ளி ஓடிவிடும். சாயங்காலம் வேலை முடிந்த பிறகுதான் பழகுகிறேன். இலக்கு, சணல் சாக்கில் திருப்பூர் பனியன் வேஸ்ட் அடைத்தது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

நொய்யல்கரை:

30 அங்குலம் ரொம்ப நீளம். உங்கள் இழுப்புக்கு ஒரு அங்குலம் தாண்டி வெட்டிவிடுங்கள். நான் காம்பவுண்டுக்கு (கப்பி வைத்த வில்) அப்படித்தான் வெட்டி வைத்திருக்கிறேன், நேராகப் போகிறது.

ஈரோட்டு வில்லாசிரியை:

தம்பி, தயவுசெய்து வெட்டாதே. வெட்டின அம்பை ஒட்ட முடியாது.

வலது கைக்காரருக்கு இறகில்லாத அம்பு இடப்பக்கம் போனால் அம்பு விறைப்பாக இருக்கிறது என்று பொருள். வலப்பக்கம் போனால் அதிகமாக வளைகிறது. அம்பைக் குட்டையாக்கினால் இன்னும் விறைக்கும், இன்னும் இடப்பக்கம் போகும். காம்பவுண்டின் கதை வேறு. அதில் ரிலீஸ் கருவி நாணை நேராக விடுகிறது, ரைசரும் நடுவில் நன்றாக வெட்டுப்பட்டிருக்கும். விரலால் விடும் வில்லில் நாண் விரலைச் சுற்றிக்கொண்டு போவதால் அம்பு பக்கவாட்டில் வளைந்து, ரைசரைச் சுற்றிக்கொண்டு வெளியேறணும். அதற்கேற்ற வளைவு அம்பில் இருக்க வேண்டும்.

ஸ்பைன் 400 என்றால் என்ன தெரியுமா? 28 அங்குல இடைவெளியில் தாங்கி வைத்து நடுவில் 1.94 பவுண்டு தொங்கவிட்டால் 0.400 அங்குலம் தாழும். எண் குறையக் குறைய விறைப்பு அதிகம். லிம்பில் எழுதியிருக்கிற 45 உன் 45 இல்லை. உன் இழுப்பு எவ்வளவு என்று அளந்தாயா? 28-க்கு ஒவ்வொரு அங்குலம் குறைவாக இழுத்தாலும் இரண்டு மூன்று பவுண்டு குறையும்.

ஆனால் இதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல். இறகில்லாத அம்பை விடும்போதும் "டக்" கேட்கிறதா? சாயங்காலம் பழகுகிறேன் என்கிறாய், தாராபுரத்தில் ஆடி மாசத்துச் சாயங்காலக் காற்றிலா?

தாராபுரத்தான்:

அக்கா, கவனித்துப் பார்த்தேன். இறகில்லாத அம்பில் அந்தச் சத்தம் இல்லை, இறகுள்ளதில் மட்டும்தான். காற்று... ஆமாங்க, இப்போது சாயங்காலம் தென்னை மட்டையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.

பிரேஸ் ஹைட், நாணிலிருந்து கைப்பிடியின் ஆழமான இடம் வரைக்கும் அளந்தால் சரியாக 7 அங்குலம். இழுப்பை அப்பாவை வைத்து அம்பில் குறி போட்டுப் பார்த்தோம். வில் உற்பத்தியாளர் சங்கக் (AMO) கணக்குப்படி 26½ தான் வருகிறது.

ஈரோட்டு வில்லாசிரியை:

பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

சத்தம் இறகுள்ள அம்பில் மட்டும் வருகிறது என்றால் பிளாஸ்டிக் இறகு ஷெல்ஃபில் அடிக்கிறது. நிஜ இறகு என்றால் மடங்கி வழிவிடும், பிளாஸ்டிக் மடங்காது, அம்பையே தள்ளிவிடும். சந்தேகமாக இருந்தால் வீட்டில் கண்மை இருக்குமே, கீழ்ப்பக்க இறகின் ஓரத்தில் லேசாகத் தடவி ஒரு அம்பு விட்டுப் பார். ஷெல்ஃபில் கறுப்புக் கோடு விழும். ஷெல்ஃபை ஒட்டிய பக்கச் சுவரையும் பார். அங்கே அம்பின் தண்டு உரசின தடம் இருந்தால் விஷயம் தலைகீழ். அதிகமாக வளைகிற அம்பு பக்கச் சுவரில் மோதி இடப்பக்கம் எகிறும், விறைப்பான அம்பு போலப் பொய் சொல்லும். தடம் இல்லையென்றால்தான் விறைப்பு என்று நம்பலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. தட்டுப்பட்டுப் போகிற இறகுள்ள அம்பை அளவுகோலாக வைத்து இறகில்லாததை ஒப்பிடுகிறாய். அளவுகோலே கோணல். அதனால் உரசலை நிறுத்திவிட்டுத்தான் மற்றது. செலவு குறைந்த வழி, ரைசரில் ஒட்டுகிற சின்ன பிளாஸ்டிக் ரெஸ்ட். அது அம்பை ஷெல்ஃபிலிருந்து தூக்கிவிடும். ஷெல்ஃபிலேயே வைத்து விடணும் என்றால் வான்கோழி இறகு ஒட்டின அம்பு வேண்டும். ஒரே அம்பில் இடச்சிறகு, வலச்சிறகு இறகுகளைக் கலக்கக் கூடாது.

நாக்கிங் பாயிண்டும் (நாணில் அம்பின் வாலை மாட்டும் இடம்) தாழ்வாக இருக்கிறது. இறகில்லாத அம்பு மேலே போகிறதல்லவா, அதன் அர்த்தம் அதுதான். மூன்று விரலையும் கீழே பிடிப்பவர்களுக்குக் கொஞ்சம் உயரமாகவே வேண்டியிருக்கும். மட்டத்திலிருந்து அரை அங்குலம் மேலே கட்டித் தொடங்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. பித்தளை வளையம் வேண்டாம், தையல் நூலைச் சுற்றிக் கட்டு, திருகி நகர்த்த வசதி.

பிரேஸ் ஹைட் 7 குறைவு. உன் நீள வில்லுக்கு 7½ முதல் 8¼ வரை பார்க்கலாம், வில்லோடு வந்த தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதற்குள். நாணைக் கழற்றி நாலைந்து முறுக்கு கூட்டு, விட்டுப் பார், காதால் கேள். ஏதோ ஒரு உயரத்தில் வில் சட்டென்று அமைதியாகும், கையில் அதிர்வும் குறையும். அங்கேயே நிறுத்து.

காற்றைப் பற்றி: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கம் காற்றாலை சுற்றுகிற அளவுக்கு அடிக்கும். பக்கக் காற்றில் இறகுள்ள அம்பும் இல்லாத அம்பும் வேறுவேறு விதமாகத் திரும்பும். அந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை. விடியற்காலம் மட்டைகள் அசையாத நேரத்தில் செய். சாயங்காலம் வெறும் பழக்கத்துக்கு வைத்துக்கொள்.

கொறங்காட்டுக்காரன்:

தம்பி, வில் விஷயம் எனக்குத் தெரியாதுங்க, ஊர் விஷயம் சொல்கிறேன். நம்ம பக்கம் தோட்டத்துக்கு மயில் வரும், காட்டுப்பன்றி வரும். கையில் வில் இருக்கிறதே என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் "ஒன்றைப் போடு கண்ணு" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மயில் அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. பன்றித் தொந்தரவு என்றால் வனத்துறையிடம்தான் போகணும்.

அப்புறம் இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கிளுவை வேலியும் அதற்கப்பால் இட்டேரியும் (வேலிகளுக்கு நடுவே போகும் பாதை) என்றால் உடனே மாற்றுங்கள். வேலி அம்பைத் தடுக்காது. இட்டேரியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகும், ஆடு ஓட்டிக்கொண்டு பெரியவர்கள் போவார்கள்.

தாராபுரத்தான்:

அண்ணா, சொன்னது நல்லதாகப் போயிற்று. இலக்கை வாய்க்கால் மண்மேட்டுக்கு முன்னால் மாற்றிவிட்டேன். இங்கே எந்த உயிரையும் குறிவைக்க மாட்டேன், உறுதியாகச் சொல்கிறேன்.

அக்கா, கண்மைச் சோதனையில் ஷெல்ஃபில் கோடு விழுந்தது, பக்கச் சுவர் சுத்தமாக இருக்கிறது. ஒட்டுகிற ரெஸ்ட் போட்டு, நாக்கிங் பாயிண்டை ஏற்றி, பிரேஸ் ஹைட்டை 7¾-க்குக் கொண்டுவந்தேன். "டக்" போய்விட்டது! உயரமும் சரியாகிவிட்டது. விடியற்காலம் காற்றில்லாமல் விட்டாலும் இடப்பக்கம் மட்டும் முக்கால் சாண் இருக்கிறது. சாக்கில் குத்தி நிற்கும் கோணத்தைப் பார்த்தாலும் வால் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது.

ஈரோட்டு வில்லாசிரியை:

குத்தி நிற்கும் கோணத்தை நம்பாதே. பனியன் துணி அம்பை இழுத்துத் திருப்பும். எங்கே குத்துகிறது என்பதை மட்டும் பார்.

இப்போது நிஜமாகவே விறைப்புதான். 26½ இழுப்பில் உன் விரலில் இருப்பது 41 பவுண்டு அளவுதான். அதற்கு 400 ஸ்பைன் இரும்புக் கம்பி மாதிரி. முனை எடையைக் கூட்டினால் அம்பு அதிகம் வளையும். 100-ஐக் கழற்றிவிட்டு 150, 175, 200 என்று திருகிப் பார். நெருங்கி வரும். ஆனால் 400-ல் முழுசாக வந்து சேருமா என்பது சந்தேகம். 500 ஸ்பைன் அம்பு வெட்டாமல் முழு நீளத்தில் ஒன்றிரண்டு மட்டும் வாங்கி, 175 முனையோடு விட்டுப் பார். வலப்பக்கம் போகத் தொடங்கினால் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டு. மொத்தமாக டஜன் வாங்காதே.

முக்கியமானது இனிமேல்தான். இழுத்து, கையை முகத்தில் நங்கூரம் போல நிறுத்தி வைத்த பிறகு, விடுகிற நொடியில் கை முன்னால் சரிந்தால் இழுப்பு குறையும், அப்போதும் அம்பு இடப்பக்கம் போகும். வாத்தியார்களாகிய நாங்கள் பாதி நேரம் அம்பை மாற்றச் சொல்லாமல் தோளைத்தான் பார்ப்போம். மூன்றடி தூரத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வெறும் சாக்கில் தினமும் கொஞ்சம் விடு. முகத்தில் கை வந்து உட்காரும் இடம், முதுகுச் சதை இறுகுவது, விட்ட பிறகு கை காதுப்பக்கம் பின்னால் போவது, இவை மட்டும்தான் கவனத்தில் இருக்கணும். இறகில்லாத அம்பு மூன்று விட்டால் மூன்றும் ஒரே இடத்தில் குத்துகிற நாளில்தான் அது சொல்வதைக் கேட்டு அம்பை மாற்று. அதுவரை அது உன் கையைப் பற்றித்தான் பேசுகிறது.

மிச்சிகன் கொங்கன்:

தம்பி, நானும் காங்கேயம் பக்கந்தான், இங்கே ரிகர்வில் பல சீசன் பார்த்தவன். அக்கா சொன்னதற்கு மேல் டியூனிங்கில் சொல்ல ஒன்றுமில்லை. வேட்டைக்கு மட்டும் சில சொல்கிறேன்.

500 ஸ்பைனோடு 175 முனை போட்டால் அம்பின் மொத்த எடை 450 கிரெயினுக்குப் பக்கத்தில் வரும். 41 பவுண்டுக்கு அது நல்ல கனம், பவுண்டுக்குப் பதினொரு கிரெயின் அளவு. வில் அமைதியாக இருக்கும், அம்பும் ஆழமாகப் போகும். வேகத்துக்கு ஆசைப்பட்டுக் குறைக்காதே.

பிராட்ஹெட்டும் (வேட்டைக்கான கூரான பட்டை முனை) அதே 175 வாங்கு. மிச்சிகனில் குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்கணும். இங்கே வந்து ஃபோம் இலக்கில் சோதித்துக்கொள், பனியன் சாக்கில் விட்டால் பிடுங்கவே முடியாது. பிராட்ஹெட்டின் பட்டைகள் முன்னால் இன்னொரு இறகு போலக் காற்றைப் பிடிக்கும். டியூனிங்கில் ஒளிந்திருக்கிற கோணல் எல்லாம் அப்போது வெளியே வரும். சாதா முனைக்கு இடப்பக்கம் போய்க் குத்தினால் இன்னும் விறைப்பு.

அங்கே சோளக்காட்டுப் பரண் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதில் ஏறிப் பழகு. இங்கே மரத்தில் மேடை கட்டி உட்கார்ந்துதான் காத்திருப்போம். மேலிருந்து விடும்போது வில்லுக் கையை மட்டும் தாழ்த்தினால் இழுப்பு குறைந்து அம்பு தப்பும். நேராக நின்று இழுத்து, அப்புறம் இடுப்பில் மடங்கு. உட்கார்ந்தும் பழகு. அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டும் சில நாள் விடு. அக்டோபர் குளிரில் தடித்த சட்டைக் கை நாணில் உரசினால் இத்தனை டியூனிங்கும் வீண்.

தினமும் காலையில் எழுந்ததும், உடம்பு சூடாவதற்கு முன், ஒரே ஒரு அம்பு விட்டுவிட்டு வில்லை வைத்துவிடு. அந்த ஒரு அம்பு எங்கே குத்தியது என்று எழுதி வை. மான் முன்னால் உனக்குக் கிடைப்பது அந்த முதல் அம்புதான். சாயங்காலம் சூடான கையில் அம்புகள் ஒரே இடத்தில் விழுவதை வைத்துத் தூரம் முடிவு செய்யாதே. முதல் அம்பு எந்தத் தூரத்தில் தவறாமல் சின்னத் தட்டு அகலத்துக்குள் விழுகிறதோ அதுதான் உன் வேட்டைத் தூரம். 15 யார்டு என்றால் 15 தான். 18-ல் நிற்கிற மானை விட்டுவிடு. காயத்தோடு காட்டுக்குள் போகிற மானைத் தேடி இருட்டில் அலைவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

தாராபுரத்தான்:

அண்ணா, பரண் இருக்கிறதுங்க, மக்காச்சோளத்துக்குப் பன்றிக் காவலுக்குக் கட்டினது. நாளையிலிருந்தே ஏறுகிறேன். 500 ஸ்பைனில் இரண்டு அம்பு சொல்லிவிட்டேன். வில்லை விமானத்தில் கொண்டுவரும்போது ஏதாவது பார்க்கணுமா?

மிச்சிகன் கொங்கன்:

நாணைக் கழற்றி, லிம்பைத் துணியில் சுற்றிச் செக்-இன் பெட்டியில் வை. கோயம்புத்தூர் போகும்போது காருக்குள் வெயிலில் பூட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதே, சூட்டில் லிம்பின் ஒட்டு விட்டுப்போகும். இங்கே வந்து மாட்டியதும் முதலில் பிரேஸ் ஹைட்டை அளந்து பார், 7¾ இல்லையென்றால் முறுக்கிச் சரிசெய். நாண் கழற்றும்போது முறுக்கு அவிழ்ந்துவிடாமல் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு நூலால் கட்டிக் கொண்டுவா.